கார்டு இருந்தும் ஒதுங்கி நின்றவர்

எங்கள் மருமகன் ஜெயகாந்தன் எழுபது தடவைக்கு மேல் பிளேன் ஏறியவர். நோர்வூட் டவுனில் கடை வைத்திருக்கும் முதலாளிமார்கூட அத்தனை தடவை ஏறியிருக்க மாட்டார்கள். இதை நான் யாரிடமாவது பெருமையாகச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"ஏறினதைச் சொல்றீங்க மாமா. நின்னதை யாரு சொல்றது?" என்பார்.

அவர் நின்றதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நாலாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு எழுத வருமா என்று கேட்டால், தெரியாது. எனக்குப் பேத்தி பிறந்து மூன்று மாதம் ஆகிறது. அவளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் யாரிடமாவது எதையாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அது வயிற்று வாயு என்று என் மனைவி ராக்காயி சொல்கிறாள். நான் நம்பவில்லை. வாயு வந்தால் ஏன் என்னைப் பார்த்து மட்டும் வர வேண்டும்?

ஜெயகாந்தன் றொசல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஆறு வயதில் தாயார் காய்ச்சலில் இறந்துபோனார். தகப்பனார் வேலைக்கென்று கொழும்புக்குப் போனவர், திரும்பி வரவில்லை. செத்தாரா, வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா, ஒன்றும் தெரியாது. பெரியம்மா ஒருத்தர் வளர்த்தார். அவரும் இவருக்கு இருபத்திரண்டு வயதாகும்போது போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் இல்லை.

எங்கள் மகள் கிருஷாந்தியை அவருக்குக் கட்டிக் கொடுத்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் எங்கே என்று எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் அவரோடு வேலை செய்த இரண்டு பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தட்டோடு வந்து நின்றார்கள். அவர்கள்தான் மாப்பிள்ளை வீட்டார். அதில் ஒருத்தர் சிங்கள ஆள். தட்டை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

ஸ்டோரில் மெஷின் பூட்டுகிற பிட்டராக இருந்தவரைக் கொழும்புக் கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. கொழுந்து அரைக்கிற மெஷின், சலிக்கிற மெஷின் எல்லாம் செய்து வெளிநாட்டுக்கு விற்கிற கம்பெனி. மெஷினைக் கப்பலில் அனுப்புவார்கள். அதைப் பொருத்திக் கொடுக்கிற ஆளைப் பிளேனில் அனுப்புவார்கள். கென்யா, வியட்நாம், இந்தியாவில் அசாம் என்று ஒரு மாதம், இரண்டு மாதம் போய் வருவார். அந்த ஊர்களிலும் தேயிலைதானாம், மழைதானாம், அட்டை மட்டும் கடிக்கிற விதம் வேறாம்.

வேலையில் அவருக்குக் கஷ்டமே இல்லை. எயார்போர்ட்தான் கஷ்டம்.

அதை நாங்கள் எப்படித் தெரிந்துகொண்டோம் என்றால், அவர் எங்களுக்குப் போன் எடுப்பதே வரிசையில் நிற்கும்போதுதான். வேலை நடக்கும்போது கையெல்லாம் எண்ணெய். வேலை முடிந்தால் அசதி. வரிசையில் நிற்கும்போது மட்டும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. போனை எடுத்துக் காதில் வைத்தால் பின்னால் பெட்டி உருளுகிற சத்தமும் மைக் சத்தமும் கேட்கும். கிருஷாந்தி ஐந்து நிமிஷம் பேசுவாள். பிறகு என்னிடம் கொடுப்பாள். நான் பேசினால் வரிசை நகரும்வரை பேசுவேன்.

"இப்ப எந்த இடம் மாப்புள்ள?"

"பெல்ட்டைக் கழட்டுற இடம் மாமா. எனக்கு முன்னாடி ஒரு குடும்பம். புள்ள வண்டிய மடிக்கத் தெரியாம அந்த மனுசன் தடுமாறுறாரு. அரைமணி இங்கயேதான்."

"பெல்ட்டை ஏன் கழட்டச் சொல்றாங்க?"

"போன ஊர்ல கழட்ட வேணாம்னாங்க. சப்பாத்தைக் கழட்டுன்னாங்க. இங்க சப்பாத்து வேணாம், பெல்ட்டு. அதுக்கு முந்தின ஊர்ல ரெண்டும். நான் எழுதியா வைக்க ஏலும்?"

ஒரு தடவை ராக்காயி தேசிக்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். வெயிலில் வைத்து எடுத்து, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் நிரப்பி, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் கட்டிக் கொடுத்தாள். அவர் அதைக் கைப்பையில் வைத்துவிட்டார். பெரிய பெட்டியில் வைத்தால் உடைந்துவிடும் என்று பயம். அதைப் பறித்துவிட்டார்கள்.

"தண்ணியா இருக்கிறது எதையும் கொண்டுபோக ஏலாதாம் அத்தை" என்றார் போனில்.

ராக்காயிக்கு வந்ததே கோபம். "ஊறுகாயில எங்கங்க தண்ணி இருக்கு? ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே பூத்துப் போயிரும்னு நான் கைய மூணு தரம் தொடச்சுட்டுப் போட்டது! அவுங்ககிட்டப் போனைக் குடுங்க, நான் கேக்குறேன்."

"கேட்டா என்னையப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க அத்தை."

"அப்ப அதை அவுங்கதான் திங்கப்போறாங்களா?"

"இல்ல. குப்பைக் கூடையில போட்டுட்டாங்க."

அதைக் கேட்டதும் ராக்காயி போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். யாராவது தின்றிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

இன்னொரு கஷ்டம் அவர் கை. பிட்டர்மார் கையில் ரேகை இருக்காது, இரும்பு தேய்த்துத் தேய்த்துப் போயிருக்கும். விரலை வைக்கச் சொல்கிற மெஷின் அவர் விரலைப் படிக்காது. மறுபடி வை, துடைத்துவிட்டு வை, மற்றக் கையை வை என்று சொல்வார்களாம். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்களாம். அவர் பையில் தேயிலைத் தூளும் மெஷின் எண்ணெயும் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதனால் பையைத் தனியாக எடுத்துச் சின்னத் துணியால் துடைத்துச் சோதிப்பார்கள். மெஷின் பற்களுக்கு நடுவில் இடைவெளி பார்க்கிற மெல்லிய தகட்டுக் கட்டு ஒன்று எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். மறதியாக அதோடு போய் மூன்று தகட்டுக் கட்டைப் பறிகொடுத்தார்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது பக்கத்து வழிதான்.

எயார்போர்ட்டில் சோதனை பண்ணுகிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வழி இருக்குமாம். காசு கூடக் கொடுத்து டிக்கெட் எடுத்தவர்களும் கார்டு வைத்திருப்பவர்களும் அதில் போவார்களாம். அங்கே ஆளே இருக்காதாம். அதுகூடப் பரவாயில்லை.

"வழிதான் மாமா வேற. மெசின் ஒண்ணுதான். நாங்க ஒரு மணித்தியாலமா நின்னு, தட்டுல பையை வைக்கிற நேரத்துக்கு, அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தர் வருவாரு. எங்க தட்டை நிப்பாட்டிட்டு அவர் தட்டை உள்ள தள்ளுவாங்க. அவரு எங்களைப் பார்க்கவே மாட்டாரு. நாங்க அங்க நிக்கிறதே அவருக்குத் தெரியாது."

"நீங்க கேக்குறதுதானே?"

"என்னான்னு கேக்குறது? அவுங்களுக்கு அது உரிமை."

வரிசை நகர்ந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார்.

நாலு வருஷம் இப்படிப் போய் வந்த பிறகு அவர் ஏறுகிற பிளேன் கம்பெனிக்காரர்களே அவருக்கு ஒரு கார்டு அனுப்பினார்கள். அடிக்கடி போகிறவர்களுக்குக் கொடுப்பதாம். தோட்டத்தில் எங்களுக்கெல்லாம் தனி விலாசம் கிடையாது, கடிதம் ஒப்பீசுக்குத்தான் வரும். ஒப்பீசில் இருந்து ஆள் வந்து சொன்னதும் நான்தான் போய் வாங்கி வந்தேன். தங்கக் கலரில், கையில் பிடித்தால் வழுக்குகிற கார்டு. நடுவில் அவர் பேர் இங்கிலீசில். கிளாக்கரையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க மருமகன் இனிமே பெரிய தொரைங்க வழியில போவாரு, அழகுமுத்து" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அப்போது கிருஷாந்திக்கு எட்டாம் மாதம். கென்யாவில் ஒரு பெரிய வேலை, இரண்டரை மாதம். போகாமல் இருக்க அவர் பார்த்தார். வேறு ஆள் இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. பிள்ளை பிறக்கிற நேரத்துக்கு அவரால் வர முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கிளம்புகிற அன்று சப்பாத்து லேசைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பொறக்கிறதுக்குத்தான் ஏலாது மாமா. பேர் வைக்கிறதுக்கு வந்திருவேன். அதுக்கு நான் இல்லாம முடியாதுல்ல?"

முடியாதுதான். எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழித்துப் பிள்ளைக்குப் பேர் வைப்போம். தாய்மாமன் அரைஞாண் கட்டுவார். தகப்பன் வீட்டு ஆள் ஒருத்தர் பிள்ளையை மடியில் வைத்து, காதில் மூன்று தரம் பேரைச் சொல்லி, நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைக்க வேண்டும். தாத்தாவோ, அப்பாயியோ, பெரியப்பாவோ யாராவது. ஜெயகாந்தன் பக்கத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? அவரை விட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. அதைத்தான் அவர் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பேத்தி பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியக் காலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது எத்தனை கிலோ என்றுதான் கேட்டேன். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். நான் தோட்டத்தில் எத்தனையோ கொழுந்துக் கூடையைத் தூக்கிப் பார்த்தவன். இந்தப் பாரத்தைத் தூக்கத்தான் பயமாக இருந்தது. கிருஷாந்தியின் தம்பி திலக்ஷன் வீடியோ கால் எடுத்துப் பிள்ளையைக் காட்டினான். அந்தப் பக்கம் ஜெயகாந்தன் ஸ்டோருக்குள் நின்றுகொண்டிருந்தார். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. வாய் அசைந்தது. கண்ணைத் துடைத்தார். துடைத்ததில் எண்ணெய் பட்டு முகத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. திலக்ஷன் "மச்சான், மூஞ்சி! மூஞ்சி!" என்று கத்தினான்.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேலை வெள்ளிக்கிழமை மத்தியானம் முடியும், வெள்ளி இரவு பிளேன், ஒரு அரபு நாட்டில் மாறி ஏற வேண்டும், சனி மத்தியானம் கொழும்பு, சனி பொழுது இறங்க வீட்டில். அப்படித்தான் ஏற்பாடு. கோயில் ஐயர் நட்சத்திரம் பார்த்து 'நி' என்று எழுத்துச் சொன்னார். என்ன பேர் என்று ஜெயகாந்தன் யாரிடமும் சொல்லவில்லை. காதில் சொல்லும் முன்னால் ஊருக்குச் சொல்லக் கூடாது என்பார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"மாமா, பிளேன் போயிருச்சு."

"எங்க போயிருச்சு?"

"கொழும்புக்குத்தான். என்னைய விட்டுட்டு."

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் குரலில் சிரிப்பு இல்லை.

நடந்தது இதுதான். கென்யாவில் மழையால் பிளேன் பிந்தியிருக்கிறது. அரபு நாட்டில் இறங்கும்போது அடுத்த பிளேனுக்கு ஐம்பது நிமிஷம்தான். மாறி ஏறுகிறவர்களுக்கும் அங்கே ஒரு சோதனை உண்டு. போய்ப் பார்த்தால் வரிசை சுவர்வரை போய் வளைந்து நிற்கிறது. பக்கத்து வழியில் யாருமில்லை. அவர் முதல்தடவையாக அந்தக் கார்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வழிக்குப் போயிருக்கிறார்.

"கார்டு கையில இருந்துச்சுல்ல?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு மாமா."

"பெறகு?"

"வாசல்கிட்டப் போனேன். பின்னாடி ஒருத்தர் கோட்டுப் போட்டுக்கிட்டு, சின்னப் பெட்டிய உருட்டிக்கிட்டு வேகமா வந்தாரு. எனக்குக் காலு தானா ஒதுங்கிருச்சு. போங்க சேர்னு கை காட்டினேன். அவரு போனாரு. சரி, நாம போவோம்னு பார்த்தா இன்னொருத்தர். அவரும் கோட்டு. பெறகு ஒரு அம்மா. பெறகு வெள்ளைக்காரக் குடும்பம் ஒண்ணு, அஞ்சு பேரு. ஒவ்வொருத்தரும் தேங்க்யூ சொன்னாங்க மாமா. நல்ல ஆளுங்க."

"நீங்க எங்க நின்னீங்க?"

"ஓரத்துல. கயிறு கட்டியிருந்தாங்க, அதை ஒட்டி."

"கார்டைக் காட்டுறதுதானே!"

"காட்டலாம்னுதான் இருந்தேன். வாசல்ல நின்ன பொண்ணு பாத்துச்சு. நான் இப்படி ஓரத்துல நிக்கிறதப் பாத்துட்டு, இது உங்களுக்கு இல்ல, அந்தப் பக்கம் போங்கன்னு மரியாதையாத்தான் சொல்லிச்சு. சரிங்கன்னு சொல்லிட்டேன். காலு நடந்திருச்சு. அந்தப் பெரிய வரிசையில கடைசியில போய் நின்ன பெறகுதான் கையில கார்டு இருக்கிறது ஞாபகம் வந்துச்சு."

"திரும்பிப் போறதுதானே மாப்புள்ள?"

"போயி என்னான்னு சொல்றது? இப்பத்தான் சரிங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் முட்டாள் என்று திட்டியிருப்பேன்.

தோட்டத்து ரோட்டில் நடந்து போகும்போது பின்னால் தொரையின் ஜீப் சத்தம் கேட்டால் நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால் கால் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கிவிடும். தலையில் துண்டு இருந்தால் கைக்கு வந்துவிடும். ஜீப் போய், புகை அடங்கிய பிறகுதான் ரோட்டுக்கு ஏறுவோம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் மகனுக்கு நானும் சொல்லித் தரவில்லை. நான் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. இப்போதும் பேங்கில் என் நம்பர் வந்த பிறகு ஒரு கோட்டுப் போட்டவர் வந்தால், "நீங்க போங்கைய்யா" என்று சொல்லிவிட்டு நிற்பேன். "நீங்க பேங்குக்குப் போனா விளக்கு வைக்கத்தான் வீட்டுக்கு வருவீங்க" என்று ராக்காயி திட்டுவாள். நான் பேங்கோடு நிற்கிறேன். ஜெயகாந்தன் உலகமெல்லாம் அந்தக் காலோடுதான் போய் வந்திருக்கிறார்.

"அடுத்த பிளேன் எப்ப?" என்று கேட்டேன்.

"இடம் இல்லையாம் மாமா. திங்கக்கெழமை விடியத்தான்."

"நாளைக்கு ஞாயிறு."

"தெரியும் மாமா."

அந்தப் பக்கம் மைக்கில் ஒரு பெண் யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "கிருஷாந்திகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

கிருஷாந்தி அழவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டாராமா?" என்று மட்டும் கேட்டாள். அதை நான் கேட்க மறந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தமெல்லாம் வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. தீட்டுக் கழிக்கிற நாளை மாற்ற முடியாது. என் அக்கா காளியாயி பொகவந்தலாவையிலிருந்து வெள்ளித் தண்டையோடு வந்திருந்தார். எழுபது வயது. குரல் மட்டும் முப்பது. இரண்டு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்று வந்த நேரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

திலக்ஷன் அரைஞாண் கட்டினான். அவனுக்கு முடிச்சுப் போட வரவில்லை. "திரீவீலுக்கு டயரு மாட்டத் தெரியுது, இது தெரியல" என்று அக்கா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு சீனித்தண்ணிக் கிண்ணத்தை ராக்காயி கொண்டுவந்து வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"ம், பேரைச் சொல்ற ஆளு யாரு?" என்றார் அக்கா.

"மாப்புள்ளதான் சொல்லணும். அவரு வரல்ல" என்றேன்.

"வராத ஆளை எப்படிடா மடியில புள்ளைய வச்சுக்கச் சொல்றது? அவன் சைடுல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. உனக்குத் தெரியும்தானே."

"அப்ப நான் சொல்றேன். புள்ளையத் தூக்கி வையி."

திலக்ஷன் போனை எடுத்தான். "இருங்க அத்தை. மச்சானுக்கு எடுக்குறேன். ஸ்பீக்கர்ல போட்டு, புள்ள காதுல வைப்போம். அவரே சொல்லட்டும்."

நல்ல யோசனை என்று எனக்கும் பட்டது. ஜெயகாந்தன் உடனே எடுத்தார். திலக்ஷன் விஷயத்தைச் சொன்னான்.

"வேணாம் மச்சான்" என்றார்.

"ஏன் மச்சான்? எல்லாரும் இருக்காங்க. ஒரு நிமிசம்."

"எல்லாத்தையும் போன்லதான் செஞ்சிருக்கேன். கலியாணம் மட்டுந்தான் நேர்ல. காதுல சொல்றதுதான் பேரு. இதுல சொன்னா ஊருக்கே கேட்டுரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நடத்துங்க. உங்க அத்தை சொல்லட்டும். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார்.

போனை வைத்துவிட்டார். அங்கேயும் ஒதுங்கி வழிவிட்டுவிட்டார்.

அக்கா கிருஷாந்தியைப் பார்த்தார். "உன் புருசன் என்னா பேரு நெனச்சு வச்சிருக்கான்? சொல்லு புள்ள, அதையே சொல்லிடுறேன். அவன் மனசும் கோணக் கூடாது."

"எனக்குத் தெரியாதுங்க அத்தை" என்றாள் கிருஷாந்தி.

"பொஞ்சாதிகிட்டச் சொல்லாத பேரா?"

"சொல்லவே இல்லைங்க."

"அப்ப 'நி'யில நானே வைக்கிறேன். நிர்மலான்னு வைப்போம். எங்க பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு அந்தப் பேரு, நல்லாப் படிக்குது."

கிருஷாந்தி பிள்ளையைக் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ராக்காயி அவளிடமிருந்து வாங்கப் போனாள். "தீட்டுக் கழிச்ச புள்ளையப் பேரில்லாம வைக்கக் கூடாது, குடு" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் பெரியவன் நான்தானாம். என் அக்காவுக்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறவன் நான்.

"நாளைக்கு வரைக்கும் புள்ள பேரில்லாம இருக்கட்டும்" என்றேன்.

"என்னடா சொல்ற?"

"அவரு வந்து சொல்லட்டும். அவரோட இடம் அது. நீ உக்காருக்கா. பாயாசம் இருக்கு."

"அதுக்குள்ள புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"நான் இருக்கேன்ல. முழிச்சுப் பாத்துக்கிறேன்."

"நீ பாத்துக் கிழிச்ச!" என்றார் அக்கா. தண்டையைப் பிள்ளையின் காலில் மாட்டினார், நெற்றியில் முத்தம் கொடுத்தார், பாயாசத்தைத் தொடாமல் எழுந்தார். ஒரு மணிக்கே பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அத்தனை சமையலும் அப்படியே இருந்தது.

எல்லோரும் போன பிறகு கிருஷாந்தி என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்குப் பேரு தெரியும்."

"என்னா?"

"ஐயர் எழுத்துச் சொன்ன அன்னைக்கே போன்ல எனக்கு மட்டும் சொல்லிட்டாரு. சொல்லாட்டி அவரால இருக்க ஏலாதே." தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லியிருந்தா அத்தை வச்சிருப்பாங்கல்ல."

நான் அவள் தலையில் கை வைத்தேன். பேர் என்ன என்று கேட்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் ஜெயகாந்தன் மறுபடி எடுத்தார். பேர் வைக்கவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஏன் மாமா? நான்தான் உங்க அக்காவச் சொல்லச் சொன்னேனே" என்று இரண்டு தரம் கேட்டார். வாங்க பேசிக்கொள்வோம் என்றேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நேற்றிலிருந்து ஒரே நாற்காலிதான் என்றார்.

"எவ்வளவோ சனம் போகுது மாமா. எல்லாரும் எங்கேயோ போறாங்க. பக்கத்துல ஒக்காருறவுங்க அரைமணியில எழும்பிப் போயிர்றாங்க. பாத்ரூமுக்குப் போறதுன்னா பையப் பாத்துக்கச் சொல்லக்கூட ஆளு இல்ல. தூக்கிக்கிட்டே போறேன்."

"சாப்பிட்டீங்களா?" என்றேன். இந்தத் தடவை மறக்கவில்லை.

"சாப்பிட்டேன்" என்றார். பொய் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை எயார்போர்ட் சோதனையில் எந்த வழியால் வந்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கொழும்பிலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஹட்டனிலிருந்து திலக்ஷன் தன் திரீவீலில் கூட்டிவந்தான். வீட்டுக்கு வரும்போது மூன்று மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் முக்கால்வாசிப் பேர் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. முதல் நாள் ஆள் நிற்க இடமில்லாமல் இருந்த வாசலில் அன்றைக்கு ஒரு குடைகூட இல்லை.

அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கழற்றிவிட்டுப் பழக்கதோஷத்தில் பெல்ட்டிலும் கை வைத்தார். திலக்ஷன், "மச்சான், இங்க மெசின் இல்ல, வாங்க" என்றான். அவர் சிரித்தார், வந்த பிறகு முதல் சிரிப்பு. வெளியே தண்ணிப் பீலியில் போய்க் குளித்துவிட்டு, ராக்காயி எடுத்து வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

பாய் போட்டிருந்தது. சீனித்தண்ணி புதிதாகக் கரைத்து வைத்திருந்தாள் ராக்காயி. கிருஷாந்தி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். நான், திலக்ஷன். அவ்வளவுதான் ஆட்கள்.

அவர் பாயில் உட்கார்ந்தார். நான் பிள்ளையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கியபடி, மெஷினில் எங்கே பிடித்தால் நகராது என்று பார்ப்பவர் மாதிரி பார்த்தார். பிறகு தலைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

காதுப்பக்கம் குனிந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மாமா, மொதல்ல யாராச்சும் பெரியவுங்க சொல்லணுமா? நீங்க சொல்றீங்களா?"

"யாரும் சொல்ல வேணாம்" என்றேன். "உங்களுக்கு முன்னுக்கு ஆளு இல்ல மாப்புள்ள. நீங்கதான்."

அவர் சுற்றிப் பார்த்தார். தாய் இல்லை, தகப்பன் இல்லை, வளர்த்த பெரியம்மாவும் இல்லை. அந்தச் சின்ன அறையில் அவருக்குப் பின்னால் சுவர் மட்டும்தான் இருந்தது. ராக்காயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

பிறகு குனிந்தார். முதல்தரம் சொன்னது எங்களுக்குக் கேட்கவே இல்லை. இரண்டாம் தரம் பாதியில் இருமிவிட்டு மறுபடி சொன்னார். மூன்றாம் தரம் சத்தமாகவே வந்துவிட்டது.

"நிலக்ஷி."

பிள்ளை கண்ணைத் திறந்து, முகத்தைச் சுளித்து, அழத் தொடங்கியது. அவர் பயந்துபோய் என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே வச்சிருங்க" என்றேன்.